எத்தனை பூங்காவனம்?

போன திங்கட்கிழமை காலை கடையைத் திறந்து, கம்ப்யூட்டரைப் போட்டு, வெளியூர்க் கடைகளுக்குப் போகிற உப்புக்குப் பில் அடித்துக்கொண்டிருந்தேன். 'பூங்காவனம்' என்று அடித்து முடித்த நேரத்தில் மகளிர் குழுத் தலைவி தேவகியின் போன் வந்தது.

"ஷாகிதா, அக்கா போயிட்டாங்க."

எந்த அக்கா என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. சாவுச் செய்தி கேட்டால் நாங்கள் சொல்கிற 'இன்னா லில்லாஹி' வாயில் தானாக வந்தது. திரையில் அந்தப் பெயர் அப்படியே நின்றது. அதற்குப் பக்கத்தில் எண்ணிக்கையைப் போட வேண்டிய கட்டம் காலியாக இருந்தது. பில்லை அப்படியே விட்டுவிட்டு, ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன்.

பூங்காவனம் உப்பை வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு அப்படி ஒருவர் உண்மையில் இருந்தார் என்பதே தெரியாது. ஏதோ விளம்பரத்துக்குச் சிரித்த பெண் என்று நினைத்திருப்பார்கள். அவர்களுக்காகவும், அவரோடு சேர்ந்து உப்பு வாரியவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். வாரியவர்கள் படித்துவிட்டு "அத வுட்டுட்ட, இத வுட்டுட்ட" என்று என்னிடம் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

பூங்காவனம் அக்கா கல்யாணமாகி மரக்காணத்துக்கு வந்த வருடத்திலிருந்து உப்பளத்தில் வேலை பார்த்தவர். கணவர் சின்ன வயதிலேயே காலமாகிவிட்டார். ஒரே மகன் முருகன், லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அக்கா சாது, வாய் திறக்க மாட்டார் என்று இப்போது யாராவது பெருமையாகப் பேசினால் நம்பாதீர்கள். அவர் வாய் திறந்தால் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும். கோபம் வந்தால் எதிரில் நிற்பது மேஸ்திரியா, மகனா என்று பார்க்க மாட்டார். கோபம் போனதும் எதிரில் நின்றவருக்கே டீ வாங்கிக் கொடுப்பார்.

நான் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகையும் அடிப்பேன், கண்ணீர் அஞ்சலி பேனரும் டிசைன் பண்ணுவேன். மழைக்காலத்தில் உப்பளம் முழுக்கத் தண்ணீர் நின்றுவிடும். தை பிறக்கும் வரை பெண்களுக்கு வேலை இருக்காது. அந்த மாதங்களுக்காகத்தான் தேவகி தலைமையில் மகளிர் குழு ஒன்று ஆரம்பித்தார்கள். வெயில் காலத்திலேயே கல்லுப்பை வாங்கி அடுக்கி வைத்து, அயோடின் தெளித்துக் காயவைத்து, மழை மாதங்களில் பாக்கெட் போட்டு விற்பது. இங்கிலீஷ் மெயில் எழுத ஒரு ஆள் வேண்டும் என்று என்னைப் பிடித்தார்கள். என் இங்கிலீஷ் மெயில் எழுதும் அளவுக்கு உண்டு, அதற்கு மேல் கிடையாது.

பிராண்டுக்குப் பெயர் வைப்பதில்தான் முதல் சண்டை. சாமி பெயர், கடல், அலை, முத்து என்று எதைச் சொன்னாலும், பதிவு செய்து கொடுக்கும் ஏஜென்ட் "அது ஏற்கெனவே யாரோ வாங்கிட்டாங்க மேடம்" என்றார். என் கடைக்குள்ளேயே ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"இம்மாஞ் சண்ட எதுக்குடி? பேசாம எம்பேர வெச்சிட்டுப் போங்க" என்றார் அக்கா. விளையாட்டாகத்தான் சொன்னார். ஏஜென்ட் தேடிப் பார்த்தார், அந்தப் பெயரில் இந்தியாவில் உப்பே இல்லை. பெயர் வைத்தாயிற்று, அப்படியே முகத்தையும் வைத்துவிடலாம் என்று தேவகி சொன்னார்.

உப்பளத்துக்குப் போய் என் போனில்தான் படம் எடுத்தேன். காற்று தலைத்துண்டைப் பிடுங்கிக்கொண்டு போக, அதைப் பிடிக்கப் போன அக்கா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புதான் பாக்கெட்டில் வந்தது. மேல்வரிசையில் ஒரு பல் கிடையாது. தண்ணீர் இறைக்கும் டீசல் எஞ்சினின் ஹேண்டில் திருப்பி அடித்துப் போன பல். "ஏம்மா, ஒங் கம்ப்யூட்டர்ல ஒரு பல்லு கட்ட முடியாதா?" என்று கேட்டார். கட்டிக் கொடுத்தேன்.

பொம்மையார்பாளையம் பக்கம் ரோட்டோரமாக இயற்கைப் பொருள்கள் விற்கும் கடை ஒன்று எங்கள் முதல் பெரிய வாடிக்கை. அதன் மேனேஜர் மீரா நன்றாகத் தமிழ் பேசுவார், ஆனால் எழுதுவதெல்லாம் இங்கிலீஷ். அவருடைய முதல் ஆர்டரைப் படித்துவிட்டு நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நாற்பது 'பூங்காவனம்ஸ்' அனுப்பவும் என்று எழுதியிருந்தார்.

பிராண்ட் பெயருக்கு இங்கிலீஷில் பன்மை உண்டா, இல்லையா? பள்ளிக்கூடத்தில் இதை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. ஏஜென்டுக்குப் போன் போட்டேன். அவர் பதறிப்போனார். "பேர நீட்டாதீங்க மேடம், ஒடைக்காதீங்க. பேரு பேராவே நிக்கணும். பாக்கெட்டுக்கு எஸ் போடுங்க, பேருக்குப் போடாதீங்க. இல்லன்னா நாளைக்கு எந்த உப்பையும் அந்தப் பேர்லயே கூப்புட ஆரம்பிச்சிடுவாங்க" என்றார். மீராவைக் கேட்டால் அவர் சிரித்தார். "பேச்சுல எல்லாரும் அப்படித்தாங்க சொல்றாங்க. ஒரே பேர்ல நாலு பேர் இருந்தா பேருக்குப் பின்னாடி எஸ் போடறோம்ல? பிராண்டுக்கும் அதேதான்" என்றார். இரண்டு பேர் சொன்னதும் சரிதான் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். சட்டத்துக்கும் பில்லுக்கும் ஏஜென்ட் சொன்னது, வாய்ப்பேச்சுக்கு மீரா சொன்னது. நான் பில்லில் 'பூங்காவனம் உப்பு' என்று போட்டு, பாக்கெட்டை மட்டும் பன்மையாக்கினேன்.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னபோது அவருக்கு ஒரே கொண்டாட்டம்.

"நாப்பது பூங்காவனமா? ஒருத்தியயே சமாளிக்க முடியாமத்தான் எம்புருசன் சீக்கிரமா போய்ச் சேந்தாரு."

அதற்கடுத்த வாரம் மீராவின் கடை வாசலில் இருந்த கரும்பலகையில் யாரோ பெயருக்கும் எஸ்ஸுக்கும் நடுவே, மேலே ஒரு கால்புள்ளியைத் தொங்கவிட்டிருந்தார்கள். நிறையப் பேர் செய்கிற தப்பு. அந்தப் புள்ளி வந்தால் எண்ணிக்கை போய், பூங்காவனத்துக்குச் சொந்தமானது என்று ஆகிவிடும் என்று அக்காவுக்கு விளக்கினேன்.

"சொந்தந்தானே? இருந்துட்டுப் போவட்டுமே, அத ஏன் அழிக்கச் சொல்ற?" என்று என்னையே மடக்கினார். மீரா அழித்துவிட்டார். அக்காவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் ஆனது. வாரா வாரம் ஆர்டர் வந்த நாளில் என் கடை வாசலில் வந்து நிற்பார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரும் முன்பே கேட்பார்: "இந்த வாரம் நான் எத்தன?"

முப்பது என்றால் உதட்டைப் பிதுக்குவார். அறுபது என்றால் கடையில் இருக்கிற வாடிக்கையாளர்களை எல்லாம் ஒரு பார்வை பார்ப்பார். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுப் பெண் பாக்கெட்டையும் அவரையும் மாற்றி மாற்றிப் பார்த்து, "அது நீங்கதானா? பல்லு எங்க?" என்று கேட்டதை எங்கள் எல்லோருக்கும் தனித்தனியாகச் சொன்னார். "அது பாக்கெட்டுக்காரி பல்லு. நான் வேறன்னு சொல்லிட்டேன்" என்பார். அவருக்கு அந்தப் படத்தின் மேல் அவ்வளவு ஆசை. அதை மறைத்து எழுதினால் எனக்கு அவர் மேல் பிரியம் இல்லை என்று ஆகிவிடும்.

அந்த ஆசைக்கு ஒரு காரணம் உண்டு. அது எனக்குப் பக்கத்து ஊரான பிரம்மதேசத்தில்தான் தெரிந்தது. எங்கள் வாடிக்கைக்கார அம்மா ஒருவர் அங்கே புது வீடு கட்டிக் குடிபோக எங்களையும் கூப்பிட்டிருந்தார். புது வீட்டுக்குள் எல்லாவற்றுக்கும் முன்னால் உப்பும் மஞ்சளும்தான் போகும் என்பது இந்தப் பக்கம் தெரிந்த விஷயம். கணவர் போன பிறகு அக்கா எந்த நல்ல காரியத்திலும் முன்னால் நின்றதில்லை. அன்றைக்கும் பந்தலுக்கு வெளியே, செருப்பு கழற்றிப் போடும் இடத்துக்குப் பக்கத்தில் என்னோடு நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்கார அம்மா நேராக வந்து, எங்கள் பாக்கெட் வைத்த உப்புத் தட்டை நீட்டினார்.

"நீங்களே எடுத்துட்டு உள்ள போங்க."

"நானா? அவரு இல்லாதவ கையால வேணாம்மா. வேற யாரனா கூப்புடுங்க."

"தட்டுல இருக்கறது உங்க மொகந்தானே? அது மொதல்ல போவலாம், நீங்க போவக் கூடாதா?"

அக்கா தட்டை வாங்கினார். பாக்கெட்டைத் தட்டின் நடுவில் நேராக நிறுத்தினார். வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனார். எங்கள் ஆட்களிலேயே ஒன்றிரண்டு பேர் முகத்தைச் சுளித்தார்கள், அதையும் பார்த்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசாத பூங்காவனம் அக்காவை நான் பார்த்தது அன்றுதான்.

போன வருடக் கடைசியில் வயிற்று வலி என்று புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பித்தார். கட்டி என்றார்கள், பெரியது என்றார்கள். முருகன் ஆட்டோவை நிறுத்திவிட்டு அம்மாவோடு அலைந்தார். கோடை வந்தபோது அக்கா பாதியாக இளைத்துவிட்டார்.

உப்பு வாங்கும் கடைகளில் முணுமுணுப்பு கிளம்பியது அப்போதுதான். "அந்தம்மாவுக்கு ஒடம்பு ரொம்ப முடியலயாமே. ஏதானா ஆயிட்டா, செத்தவங்க மொகம் போட்ட உப்ப வெள்ளிக்கெழம யாரு வாங்குவா? குடிபோற வூட்டுக்கு யாரு எடுத்துட்டுப் போவா?" என்று ஒரு கடைக்காரர் தேவகியிடமே கேட்டிருக்கிறார். பெயர் வைத்த அன்று எங்களில் ஒருத்திக்கும் இது தோன்றவில்லை. உயிரோடிருக்கிறவர் முகத்தை உப்பில் போட்டோம். உயிர் என்றால் ஒருநாள் போகும் என்பதை மட்டும் மறந்துவிட்டோம். மழை மாதத்துச் சாப்பாடு முழுக்க அந்தப் பாக்கெட்டில் இருந்தது. அடுத்த கவர் அச்சுக்குப் போவதற்குள் முகத்தை எடுத்தாக வேண்டும். அதை அக்காவிடம் யார் சொல்வது?

"நீ சொல்லு ஷாகிதா. உங்கள்ல இந்த சாஸ்திரம்லாம் கெடையாது. நீ சொன்னா கோச்சுக்க மாட்டாங்க" என்றார் தேவகி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாஸ்திரம் பார்க்கிறவர்கள் நீங்கள், திட்டு வாங்குவதற்கு நானா என்று கேட்டுவிட்டு, கடைசியில் சரி என்றுதான் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து அக்காவே கடைக்கு வந்தார், ஸ்கேன் ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுக்க. அப்போது பார்த்து நான் ஒரு டீக்கடைக்காரருக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் டிசைன் பண்ணிக்கொண்டிருந்தேன். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரையையே பார்த்தார்.

"இது அவரு கட போர்டுல இருக்கற போட்டோதானே?"

"ஆமாங்க்கா. வேற போட்டோ இல்லன்னுட்டாங்க."

"நேத்திக்கி அந்தக் கடைய தாண்டி வந்தேன். போர்ட பாக்கவே ஒரு மாதிரியா இருந்துச்சு." ரிப்போர்ட்டை என்னிடம் நீட்டினார். "நாளைக்கு எனக்கும் நீதான் இத செய்வ. அதே சிரிப்ப எடுத்து வெப்ப. அப்பறம் அந்த பாக்கெட்ட எவ தொடுவா?"

நான் பேனரைத் திரையிலிருந்து எடுத்தேன்.

"தேவகி உங்கிட்ட சொல்லச் சொன்னாளா?"

அழுதுவிட்டேன். அதுவே அவருக்குப் பதிலாகிவிட்டது. எழுந்து நின்றார். "எல்லாரும் சேந்து என்ன இப்பவே எரிச்சிட்டீங்களா?" என்று கேட்டார். சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஜெராக்ஸை எடுத்துக்கொள்ளாமலே போய்விட்டார்.

அந்த வாரம் ஆர்டர் வந்தது. எத்தனை என்று கேட்க அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. முருகனிடம் ஜெராக்ஸைக் கொடுத்து அனுப்பினேன், அதற்கும் ஒரு சேதி இல்லை. இனிமேல் வர மாட்டார் என்றே நினைத்துவிட்டேன்.

பிறகு ஒரு காலையில் போன். "போட்டோ எடுக்கணும். வெயில் ஏர்றதுக்குள்ள அளத்துக்கு வந்துடு."

போனபோது குழுவில் இருந்த அத்தனை பெண்களும் தலையில் கூடையோடு வரப்பில் வரிசையாக நின்றார்கள். புடவைக்கு மேலே ஆளுக்கொரு ஆண்பிள்ளைச் சட்டை, எப்போதும் வேலைக்குப் போடுகிற சட்டைதான். மூன்றாவதாக அக்கா, முருகனின் வெளுத்துப்போன நீலச் சட்டையில். அவர் தலையில் வெறுங்கூடை. அதைச் சுமக்கவே அவரால் முடியவில்லை என்று நின்ற நிலையிலேயே தெரிந்தது.

"பின்னாடி நின்னு எடு. ஒருத்தி மொகமும் தெரியக் கூடாது. எவ போனாலும் பாக்கெட்டு நிக்கணும்."

"பேரையும் மாத்திடலாமாக்கா?" என்று தேவகி மெதுவாகக் கேட்டார்.

"பேரு இன்னாடி பண்ணுச்சு உன்ன? எங்க தெருவுலயே மூணு பூங்காவனம் இருக்கறாங்க. நான் போனா மிச்சம் ரெண்டு பேரும் பேர மாத்திக்கப் போறாளுங்களா?"

வரப்பில் நடந்தார்கள். எடுத்தேன். படத்தைப் பார்த்துவிட்டு அக்கா கேட்ட முதல் கேள்வி, "எம் முதுவு இவ்ளோ கூனாவா இருக்குது?" என்பதுதான். கம்ப்யூட்டரில் நிமிர்த்தித் தருகிறேன் என்றேன். "வேணாம். பல்லு கட்னதே போதும்" என்றார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்த சிரிக்கற மொகத்த தூக்கிப் போட்டுடாத. பத்தரமா வெச்சிக்கோ, அப்பறம் வேணும். எங்க தெரு மொனையில ஒண்ணு வெச்சாப் போதும். ரோட்டுப் பக்கம் வேணாம். உப்பு வாங்கறவங்க போற வர்ற ரோடு."

போனில் சொன்னபோது மீரா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. முகத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள் என்றார். அக்கா என் கையிலிருந்த போனைப் பிடுங்கினார். "மொகமா இருந்தா ஒருநா மொத்தத்தையும் திருப்பி அனுப்புவீங்கம்மா. முதுவ எங்க திருப்பறது?" என்றார். அந்தப் பக்கம் மீரா சிரித்தாரா, அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை. புதுக் கவருக்கே ஆர்டர் அனுப்பினார்.

மழை தொடங்கும் முன் புதுப் பாக்கெட்டுகள் வந்தன. அக்கா படுத்த படுக்கையாகிவிட்டார். தலைமாட்டில் பழைய பாக்கெட் ஒன்று, புதுசு ஒன்று. வாரம் ஒருமுறை நானே போய்ச் சொன்னேன், அவர் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடக் கூடாது என்று காத்திருந்துதான் சொன்னேன். கடைசி வாரம் குரல் கம்மிப்போயிருந்தது. ஆனாலும் கேட்டார்.

"இந்த வாரம் நான் எத்தன?"

"நூறுங்க்கா."

இதுவரை வராத எண்ணிக்கை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "நூறா... இந்த ஒடம்ப வெச்சிக்கிட்டு எப்டிப் போறது?" என்றார். சிரித்தபோது அந்தப் பல் இல்லாத இடம் தெரிந்தது. அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அது.

திங்கட்கிழமை மதியம் கடையைத் திரும்பத் திறந்து பேனர் டிசைன் பண்ண உட்கார்ந்தேன். பல் கட்டிய படமும் கட்டாத படமும் இரண்டுமே இருந்தன. அழகாகத் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டவர் அவர். எதை வைப்பது என்று தெரியாமல் முருகனைக் கேட்டேன். திரையில் இரண்டையும் பார்த்தார்.

"எங்கம்மா மாதிரி இருக்கறத வைங்கக்கா."

பல் இல்லாததை வைத்தேன்.

பிளெக்ஸ் அடிக்கிறவருக்கு அனுப்பிவிட்டுப் போன் செய்தேன். இந்தப் பக்கம் ஒரு சாவு என்றால் பஸ் ஸ்டாண்டு, ரோடு, தெரு என்று நாலைந்தாவது வைப்பார்கள். அவர் வழக்கம்போலக் கேட்டார்.

"எத்தன மேடம்?"

வாரா வாரம் அக்கா கேட்ட கேள்வி.

"ஒண்ணு" என்றேன்.

சாயங்காலம் மழை விட்டிருந்தது. சுடுகாட்டுக்குப் பெண்கள் போவதில்லை, தெருமுனை வரைதான். குழுப் பெண்களோடு நானும் அங்கே நின்றேன். அக்காவைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் முனை திரும்பிச் சுடுகாட்டுப் பக்கம் போனார்கள். உப்பளத்துக் காற்றில் பேனர் படபடவென்று அடித்துக்கொண்டது, தேவகி அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். ரோட்டுக் கடைகளில் முதுகைக் காட்டி நடக்கும் பாக்கெட்டுகள் அன்றைக்கும் விற்றன. இங்கே, அவர் சொன்ன இடத்தில், அவர் முகம் சிரித்தது.

இந்த வாரம் நீங்க ஒருத்தர்தாங்க்கா. போய்ட்டு வாங்க.